மூன்று இடத்தில் இறக்கிய சந்தூக்கு

ஐப்பசி மழை. பள்ளிவாசலிலிருந்து, அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போகிற பாதையில் கணுக்கால் அளவு சேறு. என் உம்மாவின் ஜனாஸாவைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறோம். முன்னால் இடது பக்கம் நான். கலிமா சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். எனக்குப் பாதிக் கலிமாதான் வாயில் வந்தது, மீதி மூச்சாகப் போய்க்கொண்டிருந்தது.

உம்மா எடையே இல்லாதவர்கள். கடைசி இரண்டு மாதம் கஞ்சித் தண்ணீர்தான். அவர்களை நான் ஒருவனாகக் கையில் தூக்கி வெயிலில் உட்கார வைத்திருக்கிறேன். கனத்தது உம்மா இல்லை, சந்தூக்கு.

சந்தூக்கு என்று நாங்கள் சொல்வது மய்யித்தைக் கிடத்தித் தோளில் தூக்கிப் போகும் மரப்பெட்டியை. எங்கள் ஊர்ச் சந்தூக்கு ரங்கூன் தேக்கு. அடிப்பலகை மூன்று விரல் கனம். பக்கப் பலகைகளில் கொடிக் கொடியாகச் சித்திர வேலை. தலைமாட்டுப் பலகையில் அதைக் கொடுத்தவர் பெயர், பித்தளைப் பட்டை அடித்து. அதைத் தூக்க எட்டு ஆள் வேண்டும். அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் இருந்தோம். நாற்பதை ஒட்டியிருந்த நான்தான் அதில் இளையவன்.

உப்புக் கிட்டங்கித் திருப்பத்தில் பின்னால் வந்த ஒரு பெரியவருக்கு இளைப்பு வந்துவிட்டது. இறக்கினோம். ஒற்றைப் பனைக்கு அருகில், பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இறக்கினோம். ஓடை மதகில் ஏறும்போது எனக்கே தோள் விட்டுப்போனது. அங்கேயும் இறக்கினோம். மூன்று தடவையும் நான் சேற்றில் மண்டி போட்டுத்தான் இறக்கினேன். பெட்டி மேல் போர்த்திய துணியின் ஓரம் சேற்றில் நனைந்ததைப் பார்த்தேன்.

அடக்கம் செய்துவிட்டு வந்தபோது, தொழ வைக்கிற லெப்பை என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் இறக்கி வைத்ததில் மார்க்கத்தில் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்னார். அவர் ஓதியவர், அவர் சொன்னால் சரிதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வீட்டு வாசலில் என் மனைவி ஹாஜரா செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவள் எனக்கு மாமன் மகள்தான். உம்மாவைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டி, துணி மாற்றிப் பார்த்தவள் அவள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமியை வழியில எங்கயும் நிறுத்தலையே மச்சான்?"

"இல்ல" என்றேன்.

ஐந்து வேளை தொழுகிறவன் நான். உம்மாவை அடக்கிய கையின் ஈரம் காயும் முன்னே பொய் சொன்னேன்.

சீனர் கடையில் பார்த்தது

கடை விற்பனையில் இருந்த நீங்கள் எப்படி மர வேலைக்கு வந்தீர்கள் என்று, இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். நானே ஒழுங்காக யோசித்துப் பார்க்காத விஷயம் அது.

பினாங்கில் நான் நின்ற கடைக்கு எதிரே, சாக்கடைக்கு அந்தப் பக்கம், ஒரு சீனர் மரச் செருப்புச் செய்துகொண்டிருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மழை வந்தால் வானத்தைக் காட்டிச் சிரிப்பதுதான். ஆனால் வியாபாரம் இல்லாத மத்தியான நேரங்களில் என் கண் அங்கேதான் இருக்கும்.

அவர் செருப்பின் மேல் பக்கத்தில் அதிகம் கை வைக்க மாட்டார். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத்தான் குடைவார். குடைந்துவிட்டு ஒற்றை விரலில் தொங்கவிட்டுப் பார்ப்பார். மறுபடியும் கொஞ்சம் குடைவார். மேலே பார்த்தால் முழுக் கட்டை போல இருக்கும், கையில் எடுத்தால் ஒன்றுமே இருக்காது.

சண்டை முடிந்து ஊர் வந்தவன், திரும்பப் போகக் காகிதம் கிடைக்காமல் இங்கேயே தங்கிப்போனேன். அந்தக் கதையெல்லாம் முன்னமே எழுதிவிட்டேன். வந்த புதிதில் கருவாட்டுக் கூடை தூக்கினேன். உப்பளத்தில் நின்றேன். எதிலும் உருப்படவில்லை.

ஒரு நாள் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில், பாசியில் வழுக்கி ஒரு பெரியவர் விழுந்துவிட்டார். மறுநாள் பூவரசங்கட்டை ஒன்றை எடுத்து, இரவல் வாய்ச்சியால் ஒரு ஜோடி மிதியடி செதுக்கினேன். சீனரை நினைத்துக்கொண்டு அடிப்பக்கத்தைக் குடைந்தேன். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. மோதினார் அப்துல்லா காக்கா அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு கால் குட்டையான ஆள் யாராச்சும் வந்தா கொடுத்துருவோம்."

அப்படி ஆரம்பித்தது. பிறகு பத்து ஜோடி செய்தேன். ஓதுகிற பலகை, தொட்டில், பெட்டி என்று வேலை வந்தது. எனக்கு யாரும் பாடம் சொல்லித்தரவில்லை. நான் பரம்பரை ஆசாரியும் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வருகிற ஆசாரிகள் என் மூட்டு வாய்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

கடலுக்கு ஆகும், தோளுக்கு ஆகாது

உம்மா மவுத்தாகி நாற்பது கழிந்ததும் நிய்யத்து வைத்தேன். நாலு கிழவர்கள் தூக்கினாலும் மையவாடி வரைக்கும் இறக்காமல் போகிற மாதிரி ஒரு சந்தூக்குச் செய்ய வேண்டும்.

அன்றைக்கு எங்கள் கரையில் வயசுப் பிள்ளைகளே கிடையாது. (அப்போது நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை ஜில்லா ஆனதெல்லாம் ரொம்பப் பின்னால்.) தாடி முளைத்தவுடன் கொழும்பு, ஈப்போ, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறிவிடுவார்கள். ஊரில் இருந்தது பெண்களும் பிள்ளைகளும், பிறகு எங்களைப் போல் திரும்பி வந்தவர்களும். மவுத்துக்குத் தந்தி போகும். ஆள் வர மாட்டார், மூன்று மாதம் கழித்து அழுகையோடு கடிதம்தான் வரும். தோள் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

லேசான மரம் எது என்று யோசித்தபோது எனக்குக் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது. கடலோரத்துக்காரன் புத்தி அங்கேதான் போகும். மீன்பிடிக்கிற காளிமுத்து எனக்குச் சிநேகிதர். அவரிடம் கட்டுமரத்துக்கு வாங்கி மிஞ்சிய கட்டை இருந்தது. ஒரு ஆள் தலையில் வைத்துக்கொண்டு ஓடலாம், அப்படி ஒரு லேசு. எதற்கு என்று சொன்னதும் அவர் யோசித்தார்.

"காக்கா, இது தண்ணியில கெடக்குற மரம். நாங்க கரைக்கு வந்தா வெயில்ல போட்டுக் காய வைக்கிறது எதுக்குன்னு நெனைக்கிறீங்க?"

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அறுத்து, இழைத்து, இரண்டு மாதத்தில் புதுச் சந்தூக்கு ஒன்று செய்து பள்ளிவாசல் கொட்டகையில் வைத்துவிட்டேன். ஆசைக்கு ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்து வந்த மழையில் கொட்டகைக் கீற்று ஒழுகியது. இரண்டு நாள் கழித்துப் போய்த் தூக்கினேன். ஒரு முனை கூட அசையவில்லை. மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊறிப்போய்க் கிடந்தது. அழுத்தினால் விரல் பட்ட இடத்தில் நீர் கசிந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

மோதினாருக்கு அது ஒரு மாதத்துக் கேலிக்குப் போதுமானதாக இருந்தது. தொழ வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, காசிம் காக்கா மய்யித்தை இனிமேல் கடல் வழியாக அனுப்பப் போகிறார், ஒரு பாய் கட்டிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். பிறகு அதை உடைத்து, எரிக்கக் கொடுத்துவிட்டேன். சரியாக எரியக்கூட இல்லை.

ஜொஹரா மாமியின் வாசல்

அப்போதுதான் பழைய தேக்கின் மேல் என் கண் போனது. மரத்தில் குற்றம் இல்லை. தேவைக்கு மேல் இருப்பதுதான் குற்றம். எடுத்துவிட்டால் என்ன?

ஊர் ஜமாஅத்தில் கேட்டேன். கொடுத்தவர் வீட்டில் சம்மதித்தால் தங்களுக்குத் தடையில்லை என்றார்கள். கொடுத்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது அவர் மகள் ஜொஹரா மாமி. எனக்குச் சுற்றி வளைத்து மாமி முறை. கணவர் இல்லை, மகன் ஈப்போவில். பெரிய வீட்டில் தனியாக இருந்தார்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் உட்கார, இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாக்கு வெட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"அது எங்க வாப்பா ரங்கூன்லேருந்து கப்பல்ல ஏத்தி அனுப்புனது. அதுல ஒரு ஜனாஸா போனா, கபர்ல இருக்கிற அவுகளுக்கு ஒரு நன்மை போய்ச் சேரும். அன்னைக்கு நீ புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டாந்து வச்சியே, எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. வாப்பாவுக்குப் போறதை நிறுத்தப் பாக்குறானேன்னு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தூக்கு மழையில் ஊறியதை நினைத்து அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"புதுசு வேணாம் மாமி. இருக்கிறதையே செதுக்கிக் கொறைக்கிறேன். மரம் அதே மரந்தான்."

"செதுக்குனா நன்மையும் கொறைஞ்சு போகுமோ?"

லெப்பையிடம் கேட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். லெப்பை கிதாபு பார்க்க வேண்டும் என்றார். இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழித்து, அப்படி ஒன்றும் குறையாது, தூக்குகிறவர்களுக்கு லேசாக்கினால் அதற்கும் நன்மை உண்டு என்று சொன்னார். அதைக் கொண்டுபோய் மாமியிடம் சொன்னேன்.

"சரி. ஒங்க உம்மாவை மூணு எடத்துல எறக்குனீங்களாமே."

ஊரே அறிந்த விஷயம்தான். ஆனாலும் படுதாவுக்குப் பின்னாலிருந்து அது வந்தபோது எனக்குத் தலை குனிந்தது.

"என்னையத் தூக்க யாரு இருக்கா? நீயும் மோதினாரும், இருமிக்கிட்டுக் கெடக்குற நாலு கெழடுகளும். என்னைய எங்கயும் எறக்காமக் கொண்டு போவேன்னு சொல்லு. அப்பறம் உளியை எடு."

"இன்ஷா அல்லாஹ், மாமி."

"இன்ஷா அல்லாஹ்வைச் சொல்லி நழுவாதே. நீ சொல்லு."

"எறக்க மாட்டேன் மாமி."

"வாப்பா பேரு இருக்குற பலகையில மட்டும் கை வைக்காதே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பாக்கு வெட்டத் தொடங்கினார்கள்.

பிரித்துப் போட முடியாத வேலை

எந்த மர வேலைக்கும் இல்லாத சங்கடம் இதற்கு உண்டு. பிரித்துப் போட்டுவிட்டுச் சாவகாசமாகச் செய்ய முடியாது. யாருக்கு எப்போது ஹயாத்து முடியும் என்பதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான். ஊரில் இருப்பதோ ஒரே சந்தூக்கு. அதனால் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஒரு பலகையைக் கழற்றுவேன். மாலை அசருக்குப் பாங்கு சொல்வதற்குள் அதை மாட்டியாக வேண்டும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். பாதி செதுக்கிய பலகையானாலும் மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஒரு நாள் அடிப்பலகை கழற்றிக் கிடக்கிறது, மேலத் தெருவில் ஒருவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அவசர அவசரமாக மாட்டினேன். கட்டைவிரல் நசுங்கியது. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். என்னைக் காணும்போதெல்லாம் பெருவிரலைப் பார்த்துச் சிரிப்பார்.

முதலில் எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று தெரிய வேண்டும். செருப்பென்றால் காலை வைத்துப் பார்க்கலாம். இதை எப்படிப் பார்ப்பது? ஒரு மத்தியானம் கொட்டகையில் யாரும் இல்லை. பிஸ்மி சொல்லிவிட்டு நானே உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டேன். பிடரி, இரண்டு தோள்பட்டை, இடுப்பு, குதிகால். இவ்வளவுதான் பலகையில் அழுந்துகிறது. மற்ற இடத்தில் மனிதன் மரத்தைத் தொடுவதே இல்லை. கையில் வைத்திருந்த சுண்ணாம்புக் கட்டியால் படுத்தபடியே உடம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மோதினார் உள்ளே வந்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கோடு போடுவதைப் பார்த்தார். அவர் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. பிறகு மெதுவாகக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்திரிங்க காக்கா. இன்னும் ஒங்க முறை வரலை."

இது ஹாஜராவின் காதுக்கும் போய்விட்டது. அவள் திட்டவில்லை. உயிரோடு இருக்கிறவர் அதில் படுக்கலாமா என்று மட்டும் கேட்டு, கோழி ஒன்றை அறுத்து ஏழைகளுக்குச் சதக்காவாகக் கொடுத்துவிட்டாள்.

அடிப்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, உடம்பு அழுந்தாத இடமெல்லாம் அடியிலிருந்து குடைந்தேன். மேலே பார்த்தால் முழுப்பலகை. சீனர் பார்த்திருந்தால் வானத்தைக் காட்டாமலே சிரித்திருப்பார்.

பக்கப் பலகைதான் என்னை ரொம்ப நாள் உட்கார வைத்தது. பர்மாத் தச்சர் போட்ட கொடி வேலை அவ்வளவு அழகு. அதை இழைத்துத் தள்ள மனசு வரவில்லை. தினமும் லுஹருக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அசருக்கு எழுந்து போவேன். ஒரு நாள் வெளியே வெயில் ஏறியிருந்தது. கொட்டகைக் கீற்றின் ஓட்டை வழியாக வெளிச்சம் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. எழுந்து துளை போடுகிற துரப்பணத்தை எடுத்தேன். கொடியை விட்டுவிட்டேன். கொடிக்கும் கொடிக்கும் நடுவில் இருந்த மரத்தை எடுத்தேன். இலையும் தண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமாகவே நின்றன. அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் சட்டை தெரிந்தது.

இரண்டு இலை என் அவசரத்தில் உடைந்துபோயிற்று. ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கும்.

கடைசியில் தூக்குகிற சட்டங்கள். சதுர விளிம்புதான் தோளை அறுக்கிறது. தோள் வைக்கும் இடத்தை மட்டும் உள்ளங்கை போலக் குழித்துவிட்டேன். குட்டையானவருக்கு ஆழம் குறைவான குழி, நெட்டையானவருக்கு ஆழமான குழி. எந்தக் குழியில் யார் நிற்பது என்று பிறகு ஊருக்கே பழகிப்போனது.

பெயர்ப் பலகை

வேலை முடிந்ததும் மணல் மூட்டைகளை வைத்து, பள்ளிவாசல் முற்றத்திலேயே சுற்றிச் சுற்றித் தூக்கிப் பார்த்தோம். மையவாடிக்கு எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருந்தேன், அத்தனையும் முற்றத்தில் நடந்தோம். வேடிக்கை பார்க்க வந்த காளிமுத்துவும் ஒரு பக்கம் பிடித்தார். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நின்ற எனக்கும் மோதினாருக்கும்தான் தோள் இற்றுப்போனது.

தலைமாட்டுப் பலகை. மாமி கை வைக்காதே என்று சொன்னது. மற்ற எல்லாம் லேசாகிவிட்டதால் அதன் கனம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. பெட்டி முன்பக்கம் சாய்ந்தே வந்தது.

ஒரு மாதம் மாமி வீட்டுப் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் மோதினார்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"வாப்பா பேரு அல்லாஹ்வுக்குத் தெரியும். பித்தளை அடிச்சுத்தான் காட்டணும்னு இல்ல. கழட்டி எடுத்துரு."

பலகையை என்ன செய்வது என்று கேட்டேன்.

"கழட்டி எங்கிட்டக் கொண்டாந்து குடு. என்னைய அடக்குறப்ப மேல வைக்கிற பலகையில அதையும் ஒண்ணா வச்சிரு."

கபரில் மய்யித்தைக் கிடத்தியபின் மண் விழாமல் குறுக்கே பலகை வைத்து மூடுவோம். அதைச் சொன்னார்கள். பட்டையைப் பிரித்துவிட்டுப் பலகையை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இடத்தில் மெல்லிய பூவரசம்பலகை ஒன்றை வைத்தேன்.

மாமியின் நாள்

இரண்டு வருடம் போயிற்று. நடுவில் நாலைந்து ஜனாஸா அதில் போயின. எல்லாம் வெயில் காலம், ஆள்களும் இருந்தார்கள். இறக்கி வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மாமி மறுபடியும் ஓர் ஐப்பசியில், விடியற்காலை சுபுஹு நேரத்தில் மவுத்தானார்கள். மழை விடவே இல்லை. உம்மாவைத் தூக்கிய ஆறு பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இளைப்புக்காரர் எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. நான், மோதினார், லெப்பை. செய்தி கேட்டுக் காளிமுத்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

லுஹருக்குப் பிறகு தூக்கினோம். உப்புக் கிட்டங்கித் திருப்பம் வந்தது, திரும்பினோம். ஒற்றைப் பனை வந்தது. மோதினார் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓடை மதகில் முழங்கால் தண்ணீர். காளிமுத்து முன்னால் வந்து அடியைத் தடவிப் பார்த்து, இங்கிட்டு வாங்க, இங்கிட்டு வாங்க என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். இந்தத் தடவை கலிமா எனக்கு முழுசாக வந்தது.

மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாடா என்று நினைத்தேன்.

கபர் தயாராக இல்லை. மழையில் ஒரு பக்கச் சுவர் சரிந்து குழிக்குள் விழுந்து கிடந்தது. வெட்டுகிறவர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"நீங்க இம்புட்டுச் சுருக்கா வருவீகன்னு நெனைக்கல. கொஞ்சம் எறக்கி வைங்க, வெட்டிருறேன்."

சந்தூக்கு லேசாக இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டோம். இதை நான் கனவிலும் யோசித்திருக்கவில்லை. இறக்கி வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. வழி முடிந்துவிட்டது, இது மையவாடி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் படுதாவுக்குப் பின்னால் பாக்கு வெட்டுகிற சத்தம் கேட்டது.

"எறக்கலை. நீங்க வெட்டுங்க" என்றேன்.

நின்றோம். ஐந்து பேர், நாலு முனை. ஒருவர் மாற்றி ஒருவர் தோளை எடுத்துக்கொண்டு, மழையில் நின்றோம். வலது தோள் மரத்ததும் இடதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு இடதும் மரத்தது. கொடிகளுக்கு நடுவே நான் எடுத்துவிட்ட இடம் வழியாக மழைச்சாரல் உள்ளே போகிறதே என்று பார்த்து, லெப்பை தன் போர்வையை எடுத்து அந்தப் பக்கம் போர்த்தினார். வெட்டுகிறவர் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு பக்கம் போட்டால் இன்னொரு பக்கம் சரிந்தது.

மோதினார் மெதுவாகப் பேசினார்.

"ஜொஹரா ராத்தா, ஒங்க மருமகன் எங்களையும் சேத்து இன்னைக்கே ஒங்ககூட அனுப்பிருவாரு போல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. காளிமுத்துவின் தம்பிக்கு மட்டும் சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது. மோதினார் அசருக்கு நேரமாகிறதா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் குழியிலிருந்து குரல் வந்தது.

தோளிலிருந்து நேரே கபருக்குக் கொடுத்தோம். பலகைகளை வரிசையாக வைத்தார்கள். தலைக்கு மேலே வைக்க, மாமி வீட்டிலிருந்து காலையிலேயே மையவாடிக்குக் கொடுத்தனுப்பியிருந்த, துணியில் சுற்றிய அந்தத் தேக்குப் பலகையை நான் நீட்டினேன். அளவு சரியாக இருந்தது.

காலிச் சந்தூக்கைத் திரும்பக் கொண்டுபோக மோதினார் கை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லி நான் ஒருவனாகத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஓடை, பனை, கிட்டங்கி எல்லாம் கடந்து, கொட்டகையில் கொண்டுபோய், தூக்கிய பிறகு முதல் தடவையாக அதை இறக்கி வைத்தேன்.

வீட்டு வாசலில் ஹாஜரா செம்பில் தண்ணீரோடு நின்றாள். கால் கழுவினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தோளில் தேய்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"ஜொஹரா மாமியை எறக்கவே இல்ல" என்றேன்.

"ம்."

"அன்னைக்கு உம்மாவை மூணு எடத்துல எறக்குனோம். ஒங்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க கட்டியிருந்த கைலியில ரெண்டு முட்டியிலயும் சேறு. ஒண்ணு செம்மண்ணு, ஒண்ணு களிமண்ணு, ஒண்ணு ஓடை மணல். மூணு மண்ணும் மூணு எடத்து மண்ணு. நாந்தானே மச்சான் தொவச்சேன்."

அப்படியானால் அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியும். கட்டுமரக் கட்டையை நான் அறுத்தபோதும், அது ஊறிப்போய் எரிக்கக் கொடுத்தபோதும், சந்தூக்குக்குள் படுத்துக் கோடு போட்டபோதும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோழி அறுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"இன்னைக்குக் கைலியையும் அவுத்துப் போடுங்க" என்றாள். "ஊற வைக்கணும்."

அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முட்டி இருக்கிற இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நனைந்திருந்தது, சேறு இல்லை.